வாசகர் கேள்வி – பதில்: ஆய்வகத்துக்கு வரும் ஐசோடோப்பு

உயிர்வேதியியல் ஆய்வகங்களில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது நாகர்கோவிலில் ஓய்வாக இருக்கிறேன். சென்ற மாதம் இந்தப் பகுதியில் தைராய்டு சோதனையில் கதிரியக்க அயோடின் பயன்படுவது பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் ஆய்வகங்கள் கதிரியக்க ஐசோடோப்பை (ஒரு தனிமத்தின், கதிர்வீச்சை வெளியிடும் அணுவகையை) எங்கிருந்து பெறுகின்றன, எப்படிக் கையாளுகின்றன என்று கேட்டவையே அதிகம். அவற்றுள் குமரி மாவட்டத்திலிருந்து வந்த ஐந்து கடிதங்களுக்கு இந்த இதழ் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன்.

நாகர்கோவிலிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி: நெற்பயிர் வாடும்போது வேலை செய்யத் தொடங்கும் ஒரு புரதம், பிற புரதங்களில் பாஸ்பேட்டைச் சேர்க்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு, பாஸ்பேட்டை வழங்கும் மூலக்கூறான ஏ.டி.பி., கதிரியக்கப் பாஸ்பரஸ்-32 சேர்ந்ததாகத் தேவை என்கிறார் என் நெறியாளர். மற்ற ரசாயனங்களைப் போல விலைப்புள்ளி வாங்கி ஆர்டர் கொடுத்துவிடலாமா? எதற்கும் எங்கே தொடங்குவது?

ஆர்டர் கொடுக்க முடியாது. மற்ற ரசாயனங்களுக்குப் பணமும் முகவரியும் இருந்தால் போதும். கதிரியக்கப் பொருளுக்கோ, அதைப் பெறவும் வைத்திருக்கவும் கையாளவும் கழிக்கவும் உங்கள் நிறுவனத்துக்கு அனுமதி இருந்தாக வேண்டும். நம் நாட்டின் அணுசக்திச் சட்டமும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளும் இதைக் கட்டாயமாக்குகின்றன. அனுமதி தருவது 1983இல் அமைக்கப்பட்ட, மும்பையில் இயங்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். விண்ணப்பம் 'இ-லோரா' என்னும் அவர்களது இணையத்தளம் வழியாகவே போக வேண்டும். ஆய்வக அறையின் வரைபடம், கதிர்வீச்சை அளக்கும் கருவிகள், வேலை செய்வோர் மேல் படும் கதிர்வீச்சைப் பதிவு செய்யும் டி.எல்.டி. பேட்ஜ், உரிய பயிற்சியில் தேறி வாரியத்தின் ஏற்பைப் பெற்ற பாதுகாப்பு அலுவலர் ஒருவர் ஆகிய எல்லாம் முதலில் அமைய வேண்டும். அதன் பின்னரே கொள்முதலுக்கு இசைவு கிடைக்கும். அந்த இசைவைக் காணாமல் எந்த விநியோகஸ்தரும் பொருளை அனுப்ப மாட்டார்.

இதைப் படித்ததும் உங்களுக்கு மலைப்பாக இருக்கலாம். ஆகவே நடைமுறைக்கு ஒத்த ஒரு யோசனையைச் சொல்கிறேன். ஒரே ஒரு சோதனைக்காக உங்கள் கல்லூரி புதிதாக ஓர் ஆய்வகத்தை எழுப்ப வேண்டியதில்லை. ஏற்கெனவே அனுமதி பெற்று நல்ல முறையில் இயங்கும் ஆய்வகம் ஒன்றோடு கூட்டாய்வு செய்து, புரதத்தை இங்கே பிரித்தெடுத்து, கதிரியக்கச் சோதனையை மட்டும் அங்கே செய்துகொள்ளலாம். அதற்கும் முன்னால், ஐசோடோப்பு இல்லாமல் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காதா என்பதை நெறியாளருடன் உட்கார்ந்து பேசுங்கள். பாஸ்பேட் ஏறிய புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பான்கள் இன்று கிடைக்கின்றன; மூலக்கூறின் நிறையை அளந்து அடையாளம் காணும் நிறை நிரலியல் முறையும் இருக்கிறது. எந்த அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறியது என்பதுதான் கேள்வி என்றால் நிறை நிரலியலே நேரான வழி. ஏற்றும் வேகம் என்ன, மிகக் குறைந்த அளவு புரதத்திலும் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி என்றால் பாஸ்பரஸ்-32க்கு ஈடு இன்றும் அரிது.

கேள்வி கூர்மையாக இருந்தால் ஐசோடோப்பு என்ன செய்யும் என்பதற்கு 1952இல் அமெரிக்க உயிரியலாளர்கள் ஹெர்ஷியும் சேஸும் செய்த சோதனையை நான் எப்போதும் சொல்வேன். டி.என்.ஏ.வில் பாஸ்பரஸ் உண்டு, கந்தகம் இல்லை. புரதத்தில் கந்தகம் உண்டு, பாஸ்பரஸ் ஏறத்தாழ இல்லை. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸின் ஒரு தொகுதியில் பாஸ்பரஸ்-32ஐயும் மற்றொரு தொகுதியில் கந்தகம்-35ஐயும் ஏற்றினார்கள். அவை பாக்டீரியாவில் ஒட்டிக்கொண்ட பிறகு, சமையலறை மிக்ஸி போன்ற ஒரு கருவியில் சுழற்றி வெளியுறையைப் பிரித்தார்கள். பாஸ்பரஸ் பெரும்பாலும் உள்ளே போயிருந்தது. கந்தகம் பெரும்பாலும் வெளியே நின்றுவிட்டது. மரபுச் செய்தியைச் சுமப்பது டி.என்.ஏ. என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று. சோதனையின் வலிமை கதிரியக்கத்தின் அளவில் இல்லை, எந்த அணுவில் அடையாளம் இட வேண்டும் என்ற தெளிவில் இருந்தது.

இனி, பொருள் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மும்பை டிராம்பேயில் 1985இல் இயங்கத் தொடங்கிய துருவா அணு உலை நம் நாட்டின் ஐசோடோப்பு உற்பத்திக்கு முதுகெலும்பாக இருந்துவருகிறது. கந்தகத்தை உலைக்குள் வைத்தால், வேகமான நியூட்ரான் ஒன்று கந்தக அணுக்கருவுக்குள் புகுந்து ஒரு புரோட்டானை வெளியே தள்ளும். கந்தகம்-32 இவ்வாறு பாஸ்பரஸ்-32 ஆகிறது. உலையில் உருவானதைச் சுத்திகரித்து ஆய்வகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் வழங்குவதற்காக 1989இல் அமைக்கப்பட்டது 'பிரிட்' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் கதிர்வீச்சு மற்றும் ஐசோடோப்பு தொழில்நுட்ப வாரியம். உங்களுக்கு வேண்டிய ஏ.டி.பி. போன்ற, கதிரியக்க அடையாளமிட்ட நியூக்ளியோடைடுகளை ஹைதராபாத்தில் உள்ள அதன் 'ஜொனாக்கி' ஆய்வகம் தயாரித்து வந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவும் வழியுண்டு. அதற்கும் ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும்.

பாஸ்பரஸ்-32இன் அரை ஆயுட்காலம், அதாவது இருக்கும் அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், 14.3 நாள். புட்டியின் மேல் எழுதியிருக்கும் அளவு, அதில் குறித்திருக்கும் தேதிக்கு உரியது; உங்கள் கைக்கு வரும் நாளுக்கு உரியதன்று. 250 மைக்ரோகியூரி (கதிரியக்க அளவின் அலகு) என்று எழுதியிருந்தால், ஒரு வாரம் கழித்துத் திறக்கும்போது சுமார் 178 தான் இருக்கும். நான்கு வாரம் போனால் கால்பங்குதான் மிஞ்சும். அதனால் புரதம், ஜெல், பஃபர், எக்ஸ்-ரே ஃபிலிம் எல்லாம் தயாரான பிறகே பொருளை வரவழைக்க வேண்டும். வெறும் ஏ.டி.பி.யை வைத்து முழுச் சோதனையையும் ஒரு முறை ஒத்திகை பார்த்துவிடுங்கள். நான் பார்த்த விபத்துகளில் பல, அவசரத்தில் ஒத்திகை இல்லாமல் செய்ததால் நடந்தவை.

பெட்டி வந்து இறங்கியதும் நேராக ஆய்வு மேசைக்குக் கொண்டுபோகக் கூடாது. மேலே ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள்: வெள்ளை-1, மஞ்சள்-2, மஞ்சள்-3 என்று மூன்று வகை உண்டு, எண் கூடக் கூட வெளிப்பரப்பில் கதிர்வீச்சு அளவு கூடும். வெளிப்புறத்தைத் துடைத்தெடுத்த காகிதத்தை அளந்து கசிவு இல்லை என உறுதி செய்த பிறகு, பதிவேட்டில் தேதி, அளவு, புட்டி எண் ஆகியவற்றை எழுதிவிட்டுத் திறக்க வேண்டும். அன்று முதல் அந்தப் புட்டியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு மைக்ரோலிட்டருக்கும் பதிவேட்டில் ஒரு வரி உண்டு. வந்தது, எடுத்தது, கழிவில் போனது, தேய்ந்து குறைந்தது ஆகிய நான்கும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒத்துப்போக வேண்டும். நகைக்கடையில் தங்கத்துக்குக் கணக்கு வைப்பதைப் போன்ற கணக்கு இது.

மேசையில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்றைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பாஸ்பரஸ்-32 வெளியிடும் பீட்டா துகளின், அதாவது வேகமான எலக்ட்ரானின், உச்ச ஆற்றல் 1.71 மெகா எலக்ட்ரான் வோல்ட். காற்றில் அது சுமார் 6 மீட்டர் வரை போகும். தண்ணீரில் 8 மில்லிமீட்டரில் நின்றுவிடும். 1 சென்டிமீட்டர் கனமுள்ள பெர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) தகடு அதை முழுமையாகத் தடுத்துவிடும். கதிர்வீச்சு என்றதும் ஈயத்தைத் தேடுவது பலரின் வழக்கம். ஆனால் இந்தப் பீட்டா துகள் ஈயத்தில் மோதி வேகம் இழக்கும்போது எக்ஸ் கதிர் பிறக்கும். நேரடியாக ஈயத்தை வைத்தால் ஒன்றைத் தடுக்கப்போய் இன்னொன்றை உண்டாக்கியவர் ஆவோம். ஆகவே முதலில் பெர்ஸ்பெக்ஸ், தேவையானால் அதற்கு வெளியே ஈயம். புட்டியின் மூடியைத் திறக்கும்போது தகட்டுக்கு மேலாகத் தலையை நீட்டிப் பார்க்காதீர்கள்; திறந்த வாய்க்கு நேர் மேலேதான் கதிர்வீச்சு அதிகம். கண்ணாடி அணியுங்கள், கையுறை இரண்டு அடுக்காக இருக்கட்டும், புட்டியை விரலால் அல்லாமல் இடுக்கியால் பிடியுங்கள்.

என் பணிக்காலத்தின் தொடக்கத்தில் நடந்த ஒன்று இன்றும் மனத்தில் நிற்கிறது. மாலையில் வேலை முடிந்து கையையும் மேசையையும், கதிர்வீச்சு பட்டால் ஒலிக்கும் கைகர் கருவியால் சோதித்தேன். பின்னணி அளவுக்கு மேல் ஒன்றும் இல்லை. கிளம்பும்போது ஏனோ கருவியின் முனையைக் கதவின் கைப்பிடிக்கு அருகே கொண்டுபோனேன். அதுவரை விட்டுவிட்டு ஒலித்த கருவி, தகரக் கூரையில் மழை இறங்கியதைப் போல இரைந்தது. எங்களில் ஒருவர் கையுறையைக் கழற்றாமல் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். பின்னோக்கித் தேடியபோது பதிவேட்டின் அட்டையிலும் பேனாவிலும் கறை இருந்தது. இரவு பத்து மணி வரை சோப்புக் கரைசலும் துடைப்பான் காகிதமுமாக உட்கார்ந்து கழுவினோம். பேனா மட்டும் கறை விடவில்லை. அதைப் பெர்ஸ்பெக்ஸ் பெட்டியில் தேதி எழுதி வைத்து, ஐந்து மாதம் கழித்து எடுத்தோம். அதிலிருந்து என் ஆய்வகத்தில் கதவைத் திறப்பதற்கென்று கையுறை இல்லாத ஒருவர் எப்போதும் உடன் இருப்பார்.

மணவாளக்குறிச்சியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: எங்கள் கடற்கரை மணலிலேயே கதிரியக்கம் இருக்கிறது. அப்படியிருக்க ஆய்வுக்கான ஐசோடோப்பு மும்பையிலிருந்து வர வேண்டுமா? இந்த மணலையே கல்லூரிகள் பயன்படுத்தக் கூடாதா?

நல்ல கேள்வி, ஐயா. தங்கள் ஊருக்கு இந்தத் துறையின் வரலாற்றில் இடம் உண்டு. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டார். அந்த மணலின் ஊரைத் தேடி வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. அன்றைக்கு அவர்களுக்குத் தேவைப்பட்டது கதிரியக்கம் அன்று. எரிவாயு விளக்கில் ஒளிவிடும் வலையான மேண்டிலில் சேர்க்கும் தோரியம். நம் வீட்டு விசேஷங்களில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலிலும் தோரியம் இருந்தது.

மோனசைட்டில் இருப்பது தோரியம்-232. அதன் அரை ஆயுட்காலம் 1,405 கோடி ஆண்டு. அது படிப்படியாகச் சிதைந்து ரேடியம், தோரான் வாயு, பிஸ்மத் என்று பல நிலைகளைக் கடந்து கடைசியில் கதிரியக்கமற்ற காரீயமாக நிலைகொள்கிறது. உயிரியல் ஆய்வுக்கோ, உயிர்ப்பொருள்களில் தாமாகவே இடம்பெறும் தனிமங்களின் ஐசோடோப்புகள் வேண்டும்: ஹைட்ரஜன், கார்பன், பாஸ்பரஸ், கந்தகம், அயோடின். இவற்றில் எதுவும் தோரியத்தின் தொடரில் இல்லை. தோரியத்தைச் செடியின் உடலில் ஏற்றினால் அது செடியின் வழக்கமான வேதியியலைக் காட்டாது. எனவே ஒரு பொருள் உடலில் போகும் வழியைக் காட்டும் தடங்காட்டியாகப் பயன்படாது.

ஆனாலும் இந்தத் தொடருக்கு ஒரு பெருமை இருக்கிறது. தடங்காட்டி முறைக்காக 1943ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்ற ஹெவெசி, செடியில் முதன்முதலாக அந்த முறையைச் செய்து பார்த்தது 1923இல். அவரைச் செடியின் வேரில் அவர் ஊற்றிய கரைசலில் இருந்தது தோரியம்-பி. அதாவது தோரியத் தொடரில் பிறக்கும் காரீயம்-212. அதன் அரை ஆயுட்காலம் 10.6 மணி நேரம். தங்கள் வீட்டு முற்றத்து மணலில் இந்த நிமிடமும் அதே காரீயம்-212 பிறந்து மறைந்துகொண்டுதான் இருக்கிறது. இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும்: மோனசைட் அணுசக்திச் சட்டத்தின்படி வகுக்கப்பட்ட பொருள். அதைப் பிரித்துச் சேர்த்து வைக்கவோ விற்கவோ தனி ஆளுக்கோ கல்லூரிக்கோ உரிமை இல்லை. மாணவர்களை மணல் சேகரிக்க அனுப்ப வேண்டாம். மணல் அள்ளுவது பற்றி நம் கடற்கரை ஊர்களில் நடக்கும் விவாதம் வேறு. அதை இந்தப் பதிலோடு நான் சேர்க்கவில்லை.

குளச்சலிலிருந்து ஒரு தந்தை: அய்யா, நான் கடல் தொழில் செய்கிறேன். என் மகள் வெளியூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்திருக்கிறாள். ரேடியேஷன் உள்ள அறையில் வேலை என்கிறாள். நெஞ்சில் ஒரு பேட்ஜ் குத்திய படம் அனுப்பினாள். அவள் அம்மா அன்று முதல் உறங்கவில்லை. நாளைக்குக் கல்யாணம், பிள்ளைப்பேறு என்று வரும்போது ஏதும் ஆகுமா? வேலையை விட்டுவிடச் சொல்லலாமா?

அண்ணாச்சி, விட்டுவிடச் சொல்ல வேண்டாம். உங்கள் மனைவியிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: அந்த பேட்ஜ் ஆபத்தின் அடையாளம் அன்று, உங்கள் மகளுக்கு ஒருவர் கணக்கு வைத்திருக்கிறார் என்பதற்கான அடையாளம். அதன் உள்ளே கதிர்வீச்சை நினைவில் வைத்துக்கொள்ளும் சிறு வில்லைகள் இருக்கின்றன. வழக்கமாக மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதைச் சோதனைக்கு அனுப்பி, அவை சூடாக்கப்படும்போது வெளிவிடும் ஒளியை அளந்து, எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று அவள் பெயரில் எழுதிவைப்பார்கள்.

நம் நாட்டு விதிப்படி கதிர்வீச்சுப் பணியாளருக்கான வரம்பு, ஐந்து ஆண்டுகளின் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடலில் சேரும் கதிர்வீச்சின் அலகு). எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு, இயற்கையிலிருந்து வருவது போக, ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். வானத்திலிருந்தும் மண்ணிலிருந்தும் மூச்சுக் காற்றிலிருந்தும் உலகில் ஒருவருக்குச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் வந்து சேர்கிறது. குளச்சல், மணவாளக்குறிச்சிப் பக்கம் கருமணல் இருக்கும் இடங்களில் இது பிற ஊர்களைவிட அதிகம். கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் உள்ள கருநாகப்பள்ளியில், இதே போன்ற கடற்கரையில், ஏறத்தாழ 70,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2009இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மண்ணிலிருந்து வரும் காமா கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. ஒழுங்காக நடக்கும் உயிரியல் ஆய்வகத்தில் பேட்ஜில் பதிவாவது பெரும்பாலும் வரம்பின் மிகச் சிறு பங்காகவே இருக்கும். நான் பொறுப்பில் இருந்த காலத்தில் அளவு ஒன்றுமில்லை என்று வந்த பக்கங்களைத்தான் அதிகம் புரட்டியிருக்கிறேன்.

கல்யாணம் பற்றிக் கேட்டீர்கள். கதிர்வீச்சு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. எக்ஸ்-ரே எடுத்துக்கொண்டவர் வீட்டுக்கு வந்த பிறகு எக்ஸ்-ரேயை வெளிவிடுவதில்லை அல்லவா, அதைப் போலத்தான் இதுவும். பொருளே கையிலோ உடையிலோ ஒட்டிக்கொண்டால் அது வேறு விஷயம். அதைத் தடுக்கத்தான் கையுறையும் கோட்டும் வாசலில் சோதனையும். பிள்ளைப்பேறு பற்றியும் விதி தெளிவாக இருக்கிறது. கருவுற்றது தெரிந்ததும் பெண் பணியாளர் அதை நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு பிரசவம் வரை கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் சேராதபடி அவருக்கு வேலையை மாற்றித் தர வேண்டும். தெரிவித்ததைக் காரணமாகக் காட்டி வேலையிலிருந்து நீக்க முடியாது.

பயத்தோடு இருப்பதைவிடக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. அடுத்த முறை மகள் ஃபோன் செய்யும்போது, எந்த ஐசோடோப்பில் வேலை செய்கிறாய் என்று கேளுங்கள். டிரிட்டியம் (ஹைட்ரஜனின் கதிரியக்க ஐசோடோப்பு), கார்பன்-14, கந்தகம்-35 போன்றவற்றின் கதிர்கள் மிகவும் மெலிந்தவை. அவை வெளியிலிருந்து உடம்புக்குள் புகாது, பேட்ஜிலும் பதியாது. வாய் வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே பாதுகாப்பு. டிரிட்டியத்தில் அதிகம் வேலை செய்வோருக்குச் சிறுநீர்ச் சோதனை செய்வார்கள். அந்த அறைக்குள் தண்ணீர் பாட்டிலும் சாப்பாடும் அலைபேசியும் போகின்றனவா என்றும் கேளுங்கள். போகின்றன என்று அவள் சொன்னால், அவளுடைய பாதுகாப்பு அலுவலரிடம் அவள் பேச வேண்டும். கேட்பது அவள் உரிமை. பேட்ஜில் சென்ற முறை என்ன அளவு வந்தது என்பதையும் அவள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

குலசேகரத்திலிருந்து ரப்பர் விவசாயி: மரத்தின் எந்த வேர் உரத்தை எடுக்கிறது என்பதைக் கதிரியக்கத்தால் கண்டுபிடிக்கலாம் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். உண்மையா? என் தோட்டத்தில் செய்ய முடியுமா?

உண்மை. பாஸ்பரஸ்-32 கலந்த கரைசலைத் தண்டிலிருந்து வெவ்வேறு தூரத்தில், வெவ்வேறு ஆழத்தில் துளையிட்டுச் சிறிதளவு விடுவார்கள். ஒரு மரத்துக்கு ஒரு தூரம், ஓர் ஆழம். சில நாள் கழித்து இலைகளைப் பறித்து, அமிலத்தில் கரைத்து அளந்தால், எந்தத் துளையில் விட்டது இலைக்கு அதிகமாக ஏறியது என்று தெரியும். இதில் ஓர் அழகான பௌதிகம் இருக்கிறது. பாஸ்பரஸ்-32இன் பீட்டா துகள் தண்ணீரில் ஒளியைவிட வேகமாக ஓடுவதால் நீலமான செரன்கோவ் ஒளி எழும். அந்த ஒளியையே கருவி எண்ணிவிடும். கேரள வேளாண் பல்கலைக்கழகம் வெள்ளானிக்கரையில் இதற்கென ஓர் ஆய்வகம் வைத்து, தென்னை உட்படப் பல தோட்டப் பயிர்களின் வேர்களை இப்படி ஆராய்ந்திருக்கிறது. மண்ணைத் தோண்டிப் பார்த்தால் வேர் எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியும். எந்த வேர் உறிஞ்சுகிறது என்று தெரியாது. அதுதான் இந்த முறையின் மதிப்பு.

உங்கள் தோட்டத்தில் நீங்களே செய்ய முடியாது. அனுமதி பெற்ற நிறுவனம் வேலியிட்ட சோதனைத் திடலில்தான் செய்யும். உங்களுக்குத் தேவை அந்த ஆய்வின் முடிவுதான். அதை வேளாண் அலுவலரிடமோ ரப்பர் வாரிய அலுவலரிடமோ கேட்டுப் பெறலாம்.

மார்த்தாண்டத்திலிருந்து கல்லூரி ஆய்வக உதவியாளர்: எங்கள் வேதியியல் துறையின் பழைய அலமாரியைச் சுத்தம் செய்தபோது 'தோரியம் நைட்ரேட்' என்றும் 'யுரேனைல் அசிட்டேட்' என்றும் எழுதிய பழைய புட்டிகள் கிடைத்தன. தண்ணீர்த் தொட்டியில் ஊற்றிவிடலாமா, புதைத்துவிடலாமா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மேலும், பள்ளி மாணவர்களுக்கு அரை ஆயுட்காலத்தைக் காட்ட இவற்றைப் பயன்படுத்தலாமா?

ஊற்ற வேண்டாம், புதைக்க வேண்டாம், மூடியைத் திறக்கவும் வேண்டாம். இந்தப் புட்டிகள் தமிழகத்தின் பல பழைய கல்லூரிகளில் இருக்கும். சோடியத்தை அளவிட யுரேனைல் அசிட்டேட்டைப் பயன்படுத்திய காலம் ஒன்று இருந்தது. மூடிய புட்டியால் பக்கத்தில் நிற்பவருக்குப் பெரிய கேடு இல்லை. தூளாகிப் பறந்து மூச்சோடு உள்ளே போவதுதான் கேடு. கையுறை அணிந்து, புட்டியை அப்படியே ஒரு கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து மூடுங்கள். பெயர், தோராயமான எடை, கண்டெடுத்த தேதி மூன்றையும் எழுதி ஒட்டி, பூட்டும் அலமாரியில் வைத்து, முதல்வர் வழியாக அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். அடுத்து என்ன செய்வதென்று அவர்கள் வழிகாட்டுவார்கள்.

பெயர்ச்சீட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நான் ஆய்வுக்குப் போன ஒரு நிறுவனத்தின் கிடங்கில், உடைந்த நாற்காலிகளுக்குக் கீழே, சீட்டு ஏதும் இல்லாத ஒரு சிறிய ஈயப் பாத்திரத்தைக் கண்டேன். அதை வைத்தவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார், பதிவேடு இல்லை. காமா நிறமாலையில் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோடு தெரிந்த பிறகே உள்ளே இருப்பது சீசியம்-137 என்று தெளிந்தது. அதன் அரை ஆயுட்காலம் 30 ஆண்டு. அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்த அத்தனை பேரும் ஓய்வுபெற்ற பிறகும் அது அங்கே இருந்திருக்கும். 2010இல் டெல்லி மாயாபுரியில் நடந்தது இதன் பெரிய வடிவம். பல்கலைக்கழகம் ஒன்றின் வேதியியல் துறையில் பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த காமா கதிர் கருவியைப் பழைய சாமான் ஏலத்தில் விற்றார்கள். உள்ளே கோபால்ட்-60 இருந்தது. அதைப் பிரித்த பழைய இரும்புக் கடையில் வேலை செய்த ஒருவர் உயிரிழந்தார். மேலும் சிலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். அவர்களில் யாரும் அந்தக் கருவியை வாங்கச் சொன்னவர்கள் அல்லர், அதைக் கொண்டு ஆய்வு செய்தவர்களும் அல்லர். வாங்கியவர்களின் பதிவேட்டில் ஒரு வரி அறுந்ததன் விலையை அவர்கள் கொடுத்தார்கள்.

குறுகிய ஆயுள் உள்ள கழிவு வேறு வகை. பாஸ்பரஸ்-32 பட்ட பிப்பெட் முனைகளையும் கையுறைகளையும் தனித் தொட்டியில் தேதியிட்டு வைத்தால், பத்து அரை ஆயுட்காலம், அதாவது 143 நாள் கழிந்ததும் ஆயிரத்தில் ஒரு பங்கே மிஞ்சும். அளந்து பார்த்துப் பின்னணி அளவுக்கு வந்திருந்தால், கதிரியக்கக் குறியைக் கிழித்துவிட்டு மற்றக் குப்பையோடு சேர்க்கலாம். கார்பன்-14இன் அரை ஆயுட்காலம் 5,730 ஆண்டு. அதைத் தேயவிட்டுக் கழிக்க யாராலும் முடியாது. அதனால்தான் ஐசோடோப்பைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே அதன் கழிவு எங்கே போகும் என்று எழுதிவைக்கச் சொல்கிறோம்.

பள்ளிக்கு அந்தப் புட்டிகள் வேண்டாம். கதிரியக்கத்தைக் காட்ட ஒரு கைகர் கருவியும் கொஞ்சம் பொட்டாசியம் குளோரைடும் போதும். இயற்கையில் உள்ள ஒவ்வொரு கிராம் பொட்டாசியத்திலும் நொடிக்கு சுமார் 31 அணுக்கள் சிதைகின்றன. நம் மட்டி வாழைப்பழத்திலும் அது நடக்கிறது. வயலுக்கு வாங்கும் 50 கிலோ பொட்டாஷ் மூட்டை ஒன்றில் மொத்தம் சுமார் 20 மைக்ரோகியூரி இருக்கும். நாகர்கோவில் மாணவிக்கு நான் சொன்ன 250 மைக்ரோகியூரி புட்டியில் அதைப்போலப் பன்னிரண்டு மடங்கு, ஒரு துளியில் இருக்கும் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு அளவு புரியும். முதலில் பொட்டாசியம் குளோரைடு உப்பு இல்லாமல் பத்து நிமிடம், பிறகு உப்பை வைத்துப் பத்து நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே மேசையில் எண்ண வேண்டும். கடற்கரைப் பள்ளியில் பின்னணி அளவே கூடுதலாக இருக்கலாம்.

பொட்டாசியத்தில் சிதையும் ஐசோடோப்பான பொட்டாசியம்-40இன் அரை ஆயுட்காலம் 125 கோடி ஆண்டு என்பதால் அதில் தேய்வைக் காட்ட முடியாது. அதற்குப் புளியங்கொட்டை இருக்கிறது. தாயம் ஆட உரைப்பதைப் போல நூறு கொட்டைகளை ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரிய உரைத்து, ஒரு டப்பாவில் குலுக்கித் தரையில் கொட்டச் சொல்லுங்கள். வெள்ளை தெரிபவை சிதைந்தவை. அவற்றை எடுத்துவிட்டு மீதியை எண்ணி எழுதி, மறுபடி கொட்ட வேண்டும். எண்களை வரைபடத்தில் குறித்தால் வளைகோடு தானாக விழும். உரைத்த கொட்டை சரிபாதியாக விழாது. ஆகவே எத்தனை வீச்சில் நூறு ஐம்பதாகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். ஐந்தாறு கொட்டைகள் மட்டும் மிஞ்சும்போது எண்ணிக்கை வளைகோட்டை விட்டு விலகி ஆடும். ஏன் என்று அவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வியை எனக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள், அடுத்த இதழில் அதிலிருந்து தொடங்குகிறேன்.